பகடை உருட்டித் தீர்மானம் போடுவது: காலநிலைப் பிரச்சினையில் மக்களையும் அதிகாரிகளையும் ஒரே மேசையில் ஆடவைக்கும் வழிகாட்டி

வெள்ளம், வறட்சி, வெயில் என்று எதைப் பற்றியானாலும், நம் ஊரில் மக்களும் ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்களும் பேசிக்கொள்ளப் பழக்கத்தில் உள்ள வழிகள் மூன்று: மனு, மேடை, மறியல். மனுவுக்கு 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் வரும். மேடையில் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தேநீர் வரும்வரை கேட்பார்கள். மறியல் செய்தால் மறுநாளே தூர் வாரும் லாரி வந்து நிற்கும், அடுத்த ஆண்டு மீண்டும் மறியல் செய்ய வேண்டியிருக்கும். இந்த மூன்றிலும் ஒரு குறை பொதுவானது. இருக்கிற பணத்தில் எதை முதலில் செய்வது, எதை விடுவது என்று இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் சந்தர்ப்பம் எதிலும் இல்லை.

விளையாட்டு அந்தச் சந்தர்ப்பத்தை உண்டாக்கும். இங்கே சொல்லப்போவது கணினி விளையாட்டு இல்லை. பகடை, புளியங்கொட்டை, சீட்டுகள், ஒரு கரும்பலகை, இரண்டரை மணி நேரம். கவுன்சிலரும் உதவிப் பொறியாளரும் தெருவாசிகளும் சேர்ந்து ஆடுவது. சென்னை போன்ற நகரத்தில் ஒரு வார்டின் வெள்ளப் பிரச்சினையை வைத்து ஒவ்வொரு படியையும் விளக்குகிறேன். கிராமத்துக்கான நிலத்தடி நீர் ஆட்டமும் இடையில் வரும்.

தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'விழிப்புணர்வு ஏற்படுத்த' என்று யாராவது இதை நடத்தச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழையைப் பார்த்தவர்களுக்கும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மாடியில் பால் பாக்கெட்டுக்குக் காத்திருந்தவர்களுக்கும் விழிப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. அவர்களிடம் இல்லாதது, முடிவெடுக்கும் இடத்தில் ஒரு நாற்காலி. ஆட்டத்தின் விளைவு எந்தக் கூட்டத்தின் மினிட் புத்தகத்தில் ஏறும் என்று முதலிலேயே தெரியாவிட்டால் ஆட வேண்டாம்.

இதற்கு முன் எங்கே நடந்திருக்கிறது

அதிகாரியை அழைக்கப் போகும்போது 'இதென்ன சிறுபிள்ளை விளையாட்டு' என்று நிச்சயம் கேட்பார். பதிலாகக் கையில் சில எடுத்துக்காட்டுகள் இருக்க வேண்டும்.

செஞ்சிலுவை, செம்பிறை இயக்கத்தின் காலநிலை மையம் பல ஆண்டுகளாகப் பேரிடர் மேலாளர்களையும் அரசு அலுவலர்களையும் பகடையும் அவரை விதையும் வைத்து ஆடவைத்திருக்கிறது. முன்னறிவிப்புக்குக் காசு செலவழிப்பது தகுமா என்பதே அந்த ஆட்டத்தின் கேள்வி. கீழே நான் விவரிக்கும் வெள்ள ஆட்டத்துக்கு அதுவே தாய்.

நமக்கு மிக அருகில் இருப்பது ஆந்திரப் பிரதேச அனுபவம். சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனமும், சூழலியல் பாதுகாப்புக்காகக் கிராமங்களில் வேலை செய்யும் ஓர் இந்தியத் தொண்டு நிறுவனமும் சேர்ந்து அங்கே நிலத்தடி நீர் ஆட்டத்தை நடத்தின. எந்தப் பயிர் போடுவது என்று தேர்ந்தெடுக்கும் எளிய ஆட்டம்தான். ஆட்டம் நடந்த ஊர்களில் நீர்க்கணக்குப் பதிவேடு வைப்பதும், நிலத்தடி நீருக்கு விதிமுறை வகுத்துக்கொள்வதும், ஆட்டம் நடக்காத ஊர்களைவிட அதிகமாக இருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் கண்டார்கள். அதிகாரியிடம் காட்ட இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆடியது சட்டமானதும் உண்டு. ஆகஸ்தோ போவால் என்ற பிரேசில் நாடகக் கலைஞர் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர்மன்ற உறுப்பினராக இருந்தார். தெருவில் மக்களோடு நாடகம் நடத்தி, பார்வையாளர்களையே எழுந்துவந்து காட்சியை மாற்றி நடிக்கச் சொல்லி, அதிலிருந்து கிடைத்த யோசனைகளை மன்றத்துக்குக் கொண்டுபோனார். பதின்மூன்று சட்டங்கள் நிறைவேறின. அது காலநிலை பற்றியது இல்லை என்றாலும், ஆட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே பாதை போட முடியும் என்பதற்கு அது போதும்.

பெரிய அளவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் கைப்பேசி விளையாட்டுகளில் வரும் விளம்பர இடங்களைப் பயன்படுத்தி, 50 நாடுகளில் 12 லட்சம் பேரிடம் கருத்துக் கேட்டு 2021 ஜனவரியில் முடிவை வெளியிட்டது. 64 சதவீதம் பேர் காலநிலை மாற்றம் ஓர் அவசரநிலை என்றார்கள். ஆள்வோருக்கு ஓர் எண் கிடைத்தது. ஆனால் பதில் சொன்ன 12 லட்சம் பேரில் ஒருவர்கூட எந்த அமைச்சரின் எதிரிலும் உட்காரவில்லை. அது கருத்துக்கணிப்பு. நாம் செய்யப்போவது பேச்சுவார்த்தை.

படி 1: எந்த முடிவுக்காக ஆடுகிறோம்?

'காலநிலை மாற்றம்' என்ற தலைப்பில் ஆட முடியாது. 'எங்கள் வார்டில் எந்த ஆறு தெருக்களின் வடிகாலை முதலில் தூர் வாருவது?' என்ற கேள்வியில் ஆடலாம். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் நீங்கள் அழைக்கும் நபருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். செம்பரம்பாக்கம் ஏரியை எப்போது திறப்பது என்பது கவுன்சிலரின் கையில் இல்லை. அதைப் பற்றி அவரை ஆடவைத்தால் அவர் நீர்வளத் துறையைத் திட்டிவிட்டுப் போவார், நீங்களும் சேர்ந்து திட்டுவீர்கள், மாலை இனிதே முடியும்.

அடுத்தது நாள்காட்டி. இதில்தான் பெரும்பாலான நல்ல முயற்சிகள் வீணாகின்றன. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவிலோ கடைசியிலோ தொடங்கும். தூர் வாரும் பணி பற்றிய ஆட்டத்தை அக்டோபரில் வைத்தால் ஒப்பந்தமெல்லாம் முடிந்திருக்கும். ஜூன் அல்லது ஜூலையில் வையுங்கள். புதிய வடிகால், மழைநீரை உறிஞ்சும் பூங்கா போன்ற செலவுள்ள வேலை என்றால் மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வருவதை எண்ணி, நவம்பர், டிசம்பரிலேயே முடித்துவிட வேண்டும். மழை நினைவும் அப்போது ஈரமாக இருக்கும்.

முடிவு போய்ச்சேரும் இடத்தையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நகரத்தில் அது வார்டு குழுவும், வார்டைப் பகுதிகளாகப் பிரித்து அங்கே வசிப்பவர்களைக் கூட்டும் பகுதி சபையும். தமிழ்நாட்டில் இவற்றுக்கான விதிகள் 2022இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கூட்டங்களும் நடந்தன. ஊராட்சியில் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டம் பற்றிய பேச்சு அக்டோபர் 2 கூட்டத்தில் எழும் என்பதால், செப்டம்பரில் ஆடுவது நல்லது. சென்னைக்காரர்களுக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. மாநகராட்சி 2023 ஜூனில் தன் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டிருக்கிறது. உங்கள் கோரிக்கை அதில் எந்த அத்தியாயத்தோடு பொருந்துகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால், 'இது நீங்களே எழுதியதுதானே' என்று பணிவாகச் சொல்லலாம்.

படி 2: யாரை, எப்படி அழைப்பது

இருபத்தைந்து பேர், மேசைக்கு ஐந்து பேர், ஐந்து மேசை. இதற்கு மேல் போனால் கூட்டமாகிவிடும்.

கவுன்சிலர் முக்கியம். அவரைவிட முக்கியமானவர் வார்டின் உதவிப் பொறியாளர். மதிப்பீடு போடுவதும், எந்தத் தெரு பட்டியலில் ஏறுகிறது என்பதும் அவர் மேசையில் நடக்கிறது. கவுன்சிலர் வந்து பொறியாளர் வராவிட்டால் தேதியைத் தள்ளிவையுங்கள். மண்டல அலுவலருக்கு எழுத்துப்பூர்வமாகக் கடிதம் கொடுத்து, அவர் வழியாகப் பொறியாளரையும் சுகாதார ஆய்வாளரையும் கேளுங்கள். வாய்மொழியாகக் கூப்பிட்டால் அவர்கள் விடுமுறை நாளில் சொந்த விருப்பத்தில் வந்ததாக ஆகும், சொன்னதற்குப் பொறுப்பும் இருக்காது.

மக்கள் தரப்பில் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். தேடிப்போய் அழைக்க வேண்டியவர்கள் மற்றவர்கள்: தாழ்வான தெருவில் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்கள், நடைபாதைக் கடைக்காரர், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர், சத்துணவு மைய அமைப்பாளர், வடிகாலில் உண்மையில் இறங்கி நிற்கும் தூய்மைப் பணியாளர். எந்த மூடியைத் திறந்தால் என்ன இருக்கும் என்று அந்த வார்டில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. தினக்கூலிக்காரருக்கு அரைநாள் கூலி கொடுங்கள். அதற்குப் பணமில்லை என்றால் அவர் வேலை முடிந்த பிறகு மாலையில் வையுங்கள்.

மேடை, சால்வை, குத்துவிளக்கு, வரவேற்புரை எதுவும் கூடாது. சால்வை போர்த்திக்கொண்டவரால் அடுத்த பத்தாவது நிமிடத்தில் ஒரு பள்ளி மாணவியிடம் புளியங்கொட்டை தோற்க முடியாது. எதிர்க்கட்சியின் வட்டப் பொறுப்பாளரையும் அழையுங்கள், வேறு மேசையில் உட்காரவையுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் மொத்தத்தையும் ஒத்திவைத்துவிடுங்கள்.

படி 3: ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

வார்டு அளவில் வெள்ளம் என்றால் கீழே உள்ள பகடை ஆட்டம். ஊராட்சியில் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான் பிரச்சினை என்றால் பயிர் ஆட்டம். சட்டமன்ற உறுப்பினர், கல்லூரி, மாநில அளவிலான கொள்கை என்று போனால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் கிளைமேட் இன்டராக்டிவ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய என்-ரோட்ஸ் கருவி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நிலக்கரி வரி, மரம் நடுதல், மின்வாகனம் போன்றவற்றின் அளவைக் கூட்டிக் குறைத்தால் 2100இல் உலக வெப்பநிலை எவ்வளவு உயரும் என்று உடனே காட்டும். வருபவர்களின் செல்லமான தீர்வு வெப்பநிலையை எவ்வளவு குறைவாக அசைக்கிறது என்று பார்ப்பதிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. ஆனால் அதை வார்டுக்குள் கொண்டுவராதீர்கள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது உலகக் கார்பன் விலையைப் பற்றிப் பேசினால் ஆட்கள் எழுந்து போவார்கள், அது நியாயமும்கூட.

பயிர் ஆட்டம் எளிது. ஐந்து பேர் ஒரே நிலத்தடி நீரைப் பகிரும் விவசாயிகள். நடுவில் ஒரு சட்டியில் ஐம்பது கொட்டை. அது தண்ணீர். ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொருவரும் ரகசியமாகக் கேழ்வரகு அல்லது நெல் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கேழ்வரகு ஒரு கொட்டைத் தண்ணீர் எடுத்து இரண்டு புள்ளி தரும். நெல் மூன்று எடுத்து ஐந்து தரும். ஆண்டு முடிவில் மழை ஐந்து கொட்டையைச் சட்டியில் திருப்பிப் போடும். எல்லோரும் கேழ்வரகு போட்டால் சட்டி குறையவே குறையாது. எல்லோரும் நெல் போட்டால் ஆண்டுக்குப் பத்து குறைந்து, ஐந்தாம் ஆண்டு நடவுக்குத் தண்ணீர் போதாது. முதலில் பேசிக்கொள்ளாமல் ஆடவிடுங்கள், அடுத்து பேசிக்கொண்டு ஆடவிடுங்கள். மூன்றாவது தடவை, மழை சில ஆண்டுகளில் இரண்டு கொட்டை மட்டுமே தரும்படி சீட்டுக் குலுக்குங்கள். ஊராட்சித் தலைவரையும், தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரையும், வேளாண் உதவி அலுவலரையும் விவசாயிகளாகவே உட்காரவையுங்கள். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, கேழ்வரகுக்கு எங்கே போவது என்ற கேள்வி ஆட்டத்திலேயே எழும். கிராம சபைக்குப் போக வேண்டிய கேள்வியும் அதுதான்.

படி 4: வெள்ள ஆட்டத்தின் விதிகள்

தேவையானவை: ஒவ்வொரு மேசைக்கும் ஓர் ஆறுமுகப் பகடை, 1 முதல் 6 வரை எழுதிய சீட்டுகள் உள்ள ஒரு சொம்பு, 7, 8 என்று எழுதிய இரண்டு சீட்டுகள் தனியாக, ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. காசு வேண்டாம், சாக்லேட்கூட வேண்டாம். பகடைக்குப் பக்கத்தில் காசு இருந்தால் பார்ப்பவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் வார்டில் ஒரு தெரு. வார்டு வரைபடத்தின் பெரிய நகலை மேசையில் விரித்து, உண்மையான தெருப் பெயர்களையே பயன்படுத்துங்கள். ஒரு சுற்று என்பது ஒரு மழைக்காலம்.

மழைக்கு முன் ஒவ்வொருவரும் தூர் வாருவதா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். வாரினால் ஒரு கொட்டை செலவு. கையை மூடி வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும், உள்ளே கொட்டை இருந்தால் வாரினார் என்று பொருள். பிறகு மேசைக்குப் பொதுவாகச் சொம்பிலிருந்து ஒரு சீட்டு எடுக்கப்படும். அது நகரம் முழுக்கப் பெய்த மழை. அடுத்து ஒவ்வொருவரும் தன் தெருவுக்குப் பகடை உருட்ட வேண்டும். அது அந்தத் தெருவின் பள்ளம், அடைப்பு, அதிர்ஷ்டம். இரண்டின் கூட்டல் பத்தோ அதற்கு மேலோ வந்தால் வெள்ளம். தூர் வாரியிருந்தால் சேதமில்லை. வாராதவர் நான்கு கொட்டை இழப்பார். நான்கு இல்லாதவர் இருப்பதைக் கொடுத்துவிட்டு ஒரு சிவப்புச் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். எடுத்த சீட்டு ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் சொம்புக்குத் திரும்பும்.

முதல் பாகம் ஆறு சுற்று. இது பழைய மழை.

இரண்டாம் பாகத்தில் எல்லோருக்கும் மீண்டும் பத்துக் கொட்டை கொடுத்து, சொம்பில் 7, 8 சீட்டுகளையும் சேருங்கள். எல்லோர் கண்ணெதிரிலும் சேருங்கள், மறைத்துச் சேர்த்தால் ஏமாற்றியதாக நினைப்பார்கள். இது புதிய மழை, மறுபடி ஆறு சுற்று. 'இதெல்லாம் மிகைப்படுத்தல்' என்று யாராவது சொன்னால், 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் பெய்ததை நினைவூட்டுங்கள். அந்தச் சீட்டு யாருடைய சொம்பிலும் இருக்கவில்லை.

மூன்றாம் பாகத்தில் முன்னறிவிப்பு ஏலம். ஏலத்தில் ஜெயிக்கும் மேசைகள் ஒவ்வொரு சுற்றிலும் நகர மழைச் சீட்டை முதலில் பார்த்துவிட்டு, பிறகு தூர் வாருவதா என்று முடிவெடுக்கலாம். தெருப் பகடை மட்டும் தெரியாது. ஐந்து மேசைக்கு இரண்டு முன்னறிவிப்பு என்று ஏலம் விடுங்கள். ஒரு மேசையில் ஐந்து பேரும் கூடிப் பேசி, ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று முடிவுசெய்ய வேண்டும். இந்தப் பேச்சைக் கூர்ந்து கேளுங்கள். மேட்டுத் தெருக்காரர் 'எனக்கெதற்கு' என்பார். பொறியாளர் அதற்குச் சொல்லும் பதில், அவர் அலுவலகத்தில் ஒருபோதும் சொல்ல வாய்ப்பில்லாத பதிலாக இருக்கும்.

படி 5: நடத்துபவர் மட்டும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கணக்கு

இந்த ஆட்டத்தின் உயிர் இங்கே இருக்கிறது. நடத்துபவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் பகடை வெறும் பொழுதுபோக்காகிவிடும்.

பழைய மழையில் ஒரு தெருவில் வெள்ளம் வரும் வாய்ப்பு 36இல் 6, அதாவது ஆறில் ஒன்று. தூர் வாராமலே இருந்தால் ஆறு சுற்றில் சராசரியாக நான்கு கொட்டை போகும். ஒவ்வொரு ஆண்டும் வாரினால் ஆறு கொட்டை போகும். ஆகவே பழைய மழையில் வாராமல் இருப்பதுதான் சிக்கனம். 'ஒவ்வொரு வருஷமும் வாருவது வீண் செலவு' என்று ஒரு பொறியாளரோ தணிக்கையாளரோ ஒரு காலத்தில் சொன்னது சோம்பலால் மட்டும் இல்லை, கணக்கும் அவர் பக்கம் இருந்தது.

புதிய மழையில் வாய்ப்பு 48இல் 15. கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. இப்போது வாராமல் இருந்தால் ஆறு சுற்றில் ஏழரை கொட்டை, வாரினால் அதே ஆறு. சொம்பில் இரண்டே சீட்டுகள் சேர்ந்ததும் பழைய சிக்கனம் ஊதாரித்தனமாகிவிட்டது. நேற்று சரியாக இருந்த விதி இன்று தவறு என்பதை, யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் சொல்ல இந்தக் கணக்கு உதவுகிறது. தப்பு செய்தீர்கள் என்று சொன்னால் அதிகாரி தற்காத்துக்கொள்வார். அவர் கணக்கு சரிதான், மழை மாறிவிட்டது என்றால் கோப்பைத் திறப்பார்.

முன்னறிவிப்பின் மதிப்பையும் பாருங்கள். சீட்டில் 5 அல்லது அதற்கு மேல் வந்தால் வாருவது, இல்லாவிட்டால் விடுவது என்று ஆடினால், புதிய மழையில் ஆறு சுற்றுக்குச் சராசரி செலவு மூன்றரை கொட்டை மட்டுமே. ஆளுக்கு இரண்டரை மிச்சம், ஐந்து பேர் மேசைக்குப் பன்னிரண்டரை. அதுவே பழைய மழையில் மேசைக்கு ஏழு கொட்டைக்கும் குறைவுதான். மழை மோசமாக மோசமாக, முன்னறிவிப்புக்குக் கொடுக்கத் தகும் விலை ஏறுகிறது. ஏலத்தில் ஒரு மேசை இருபது கொட்டைக்குப் போனால் அது பதற்றம், நான்கோடு நிறுத்தினால் அலட்சியம்.

ஒரு எச்சரிக்கை. ஆறு சுற்று என்பது குறைவு. ஒரு மேசையில் புதிய மழையிலும் வெள்ளமே வராமல் போகலாம். அவர்கள் 'சும்மா பயமுறுத்துகிறீர்கள்' என்று சொல்வார்கள். அவர்களோடு வாதாடாமல், எல்லா மேசைகளின் கணக்கையும் கரும்பலகையில் சேர்த்து எழுதுங்கள். இரண்டு ஆண்டுகள் மழை குறைந்ததும் தூர் வாரும் நிதி எப்படிச் சுருங்குகிறது என்பதை அந்த ஒரு மேசையைக் காட்டியே விளக்கிவிடலாம்.

படி 6: இடம் மாற்றி உட்காருவது

முதல் பாகத்தில் எல்லோரும் தெருவாசிகள். இரண்டாம் பாகத்திலிருந்து ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் பொறியாளர் ஆக வேண்டும். அவரிடம் பொதுக் கொட்டைகள் மூன்று மட்டும் இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் விரும்பும் தெருக்களுக்கு இலவசமாகத் தூர் வாரித் தரலாம். மூன்றும் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இந்த வேலையை நிஜப் பொறியாளருக்குக் கொடுக்காதீர்கள், அவரிடம் இருபது ஆண்டுகளாகக் கோபமாகப் பேசிவரும் நலச் சங்கச் செயலாளருக்குக் கொடுங்கள். நிஜப் பொறியாளருக்கு வார்டிலேயே தாழ்வான தெரு. கவுன்சிலருக்கு வாடகை வீடு. மூன்று கொட்டையை வைத்துக்கொண்டு ஐந்து தெருவின் முகத்தைப் பார்க்கும்போது செயலாளருக்குப் புரிவதை எந்தப் பயிலரங்கும் புரியவைக்காது. தன் தெருவை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவுக்குக் கொட்டை போனதும் பொறியாளர் குரலை உயர்த்துவார், கவனித்துப் பாருங்கள்.

இதில் ஒரு வரம்பு உண்டு. வேடிக்கைக்காகத் தூய்மைப் பணியாளராக யாரையும் நடிக்கச் சொல்லாதீர்கள். நிஜத் தூய்மைப் பணியாளருக்கு அவர் கேட்காமல் 'மேலதிகாரி' வேடம் போட்டுவிடவும் வேண்டாம். வெளியே சாதியும் வேலையும் எப்படி இருக்கின்றனவோ, அதை மேசை மறந்துவிடாது. அவர் எந்தத் தெருவை எடுப்பது என்று அவரே சொல்லட்டும். பெண்கள் மேசையில் பேசாமல் இருந்தால் கைமூடித் திறக்கும் முறையே பாதி உதவும், ஏனென்றால் அதில் யாரும் யாரைப் பார்த்தும் முடிவெடுக்க முடியாது.

படி 7: பேச்சு

ஆட்டத்துக்கு எழுபது நிமிடம், பேச்சுக்கு எழுபது நிமிடம். ஆட்டம் சுவாரசியமாகப் போகிறது என்று பேச்சு நேரத்தைத் தின்ன விடாதீர்கள். பேச்சு இல்லாத ஆட்டத்தால் ஒரு வடிகாலும் திறக்காது.

கேள்விகள் இந்த வரிசையில் போகட்டும். முதலில் மேசையில் நடந்தது: எப்போது தூர் வாருவதை நிறுத்தினீர்கள், ஏன்? அடுத்தது ஒப்பீடு: இதில் எது நம் வார்டு மாதிரி இருந்தது, எது இல்லை? 'நிஜத்தில் தூர் வாரினாலும் வெள்ளம் வருகிறதே' என்று யாராவது சொல்வார்கள். சொன்னால் நல்லது. வாரிய வண்டலை ஓரத்திலேயே கொட்டிவைத்து அடுத்த மழையில் உள்ளே போனது, வடிகால் கால்வாயில் சேராமலே நின்றுபோனது, கழிவுநீர் இணைப்பை மழைநீர் வடிகாலில் கொடுத்தது எல்லாம் அப்போது வெளியே வரும். ஆட்டத்தின் பொய்களைத் திருத்தும் சாக்கில் ஊரின் உண்மைகள் பேசப்படும். அவற்றை வரைபடத்தில் குறியுங்கள். மூன்றாவதாகத்தான் 'இனி என்ன செய்யலாம்?'

பொறியாளர் 'நிதி இல்லை' என்று சொன்னால் அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், எந்தத் தலைப்பில் நிதி இல்லை, எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். அன்று அவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் மனநிலையில் இருப்பார்.

படி 8: தீர்மானமாக எழுதுவது

பேச்சின் கடைசி இருபது நிமிடத்தில், எல்லோரும் அங்கேயே இருக்கும்போதே எழுதுங்கள். வீட்டுக்குப் போய் எழுதினால் உங்கள் ஆசைகளும் அதில் சேர்ந்துவிடும். மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் இடம், தேதி, யார் செய்ய வேண்டும், முடிந்ததை எப்படிச் சரிபார்ப்பது என்ற நான்கும் இருக்க வேண்டும். இப்படி:

'எங்கள் பகுதியில் கீழ்க்கண்ட ஆறு தெருக்களின் மழைநீர் வடிகால்களைச் செப்டம்பர் 30ஆம் தேதிக்குள் தூர் வாரி முடிக்கவும், அகற்றிய வண்டலை 48 மணி நேரத்துக்குள் அப்புறப்படுத்தவும், வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடும் நாளில் இன்ன சந்திப்பில் மோட்டார் பம்பை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கவும், பணி முடிந்த தேதிகளை வார்டு அலுவலக அறிவிப்புப் பலகையில் வெளியிடவும் இச்சபை கேட்டுக்கொள்கிறது.'

ஏலத்தில் புரிந்துகொண்ட முன்னறிவிப்புப் பாடம் ஆரஞ்சு எச்சரிக்கை என்ற இரண்டு சொற்களாக உள்ளே வந்துவிட்டதைக் கவனியுங்கள். தீர்மானத்தில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். புளியங்கொட்டையின் அடிப்படையில் தீர்மானம் என்று மன்றத்தில் யாராவது கேலி செய்ய இடம் கொடுக்காதீர்கள்.

பகுதி சபையில் இதை வாசித்து, மினிட் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்து, நகல் கேளுங்கள். கவுன்சிலர் அதை மன்றக் கூட்டத்தில் எழுப்புவதாகச் சொன்னால் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 9: பின்தொடர்வது

ஆட வந்த இருபத்தைந்து பேரில் இருவர், அதிலும் ஒருவர் தாழ்வான தெருக்காரர், தீர்மானத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். தேதி கடந்தும் பலகையில் எதுவும் எழுதப்படாவிட்டால் முதலில் பொறியாளரை நேரில் பாருங்கள். ஒரே மேசையில் கொட்டை இழந்தவர்கள் என்ற உரிமை இப்போது உண்டு. அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தூர் வாரும் பணியின் ஒப்பந்த ஆணை, அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) நகல், பணி முடிந்த தேதி ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஏன் செய்யவில்லை என்று அதில் கேட்காதீர்கள். அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், காரணத்தைத் தராது.

மழை முடிந்த பிறகு, டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ, அதே ஆட்களைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேசுங்கள். இந்தத் தடவை பகடை வேண்டாம், வரைபடம் மட்டும் போதும். தண்ணீர் நின்ற தெருக்களைச் சிவப்பிலும், வடிந்த தெருக்களைப் பச்சையிலும் பொறியாளரே குறிக்கட்டும். தூர் வாரியும் சிவப்பில் இருக்கும் தெரு எது என்பதிலிருந்து அடுத்த பட்ஜெட்டுக்கான கேள்வி கிடைக்கும். அந்த வரைபடத்தின் ஒரு நகல் கவுன்சிலரிடமும், ஒன்று மண்டல அலுவலகத்திலும், ஒன்று உங்களிடமும் இருக்க வேண்டும், ஏனென்றால் பொறியாளர்கள் இடமாற்றம் ஆவார்கள். புதிதாக வருபவரிடம் கொடுக்க மனுவைவிட அது பயன்படும்.